மலையேறிய நெத்திலி

"எனக்கு எப்பம்மா கலயம் குடுப்பிய?"

கேட்டவர் உச்சிமாகாளி. துறைமுகத்தில் மீன் ஏலம் விட்டவர். இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதிலைக் கேட்டால் நீங்கள் வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள்.

ஆனால் இப்போது இல்லை. சிரிப்பு அடுப்பில் இருக்கிறது. வேகட்டும்.

அதற்குமுன் ஓர் ஆற்றைக் கடக்க வேண்டும்.

*

உச்சிமாகாளி கரையில் நின்று "சீலா ஒரு தரம்! சீலா ரெண்டு தரம்!" என்று கூவினால், கடலுக்குள் இருக்கிற சீலாவும் ஒரு முறை திரும்பிப் பார்க்கும் என்பார்கள்.

அப்படிப்பட்ட குரல்.

மனைவி இறந்துபோன பிறகு அந்தக் குரலுக்கு வீட்டில் பதில் சொல்ல ஆளில்லை. "காப்பி எங்கட்டீ?" என்று பழக்கத்தில் கூவிவிடுவார். சுவர் மட்டும் "டீ" என்னும்.

ஒரு காலை ஏலத்தில் ரெண்டாம் தரம் சொன்னவர், மூன்றாம் தரம் சொல்லாமல் கீழே இறங்கினார். வீட்டைப் பூட்டிச் சாவியைத் தங்கச்சியிடம் கொடுத்தார்.

"மலைக்குப் போறேன்."

"அங்க என்னண்ணே இருக்கு?"

"அமைதி இருக்காம்."

"எத்தன நாளைக்கு?"

"இடம் குடுத்தாகன்னா, கடைசி மட்டும்."

நடந்தார். பின்னால் நெத்திலியும் நடந்தது.

நெத்திலி அவருடைய பெட்டை நாய். குட்டியாக இருந்தபோது காலி மீன்கூடைக்கு அடியில் கிடைத்தது. எலும்பும் தோலும். "இது நாயா, நெத்திலியா?" என்றாள் அவர் மனைவி. பெயர் அப்படியே நின்றுவிட்டது. நாய் நிற்கவில்லை. தின்று தின்று வளர்ந்து, வயிறு தொங்கி, இப்போது மூக்கும் நரைத்துவிட்டது. பெயர் மட்டும் இன்னும் ஒல்லியாகவே இருந்தது.

"வீட்டுக்குப் போ!"

நெத்திலி வாலை ஆட்டியது.

"சவமே, போன்னு சொல்லுதேன்லா!"

அதற்கும் ஆட்டியது. அவர் சொன்ன எந்தப் பேச்சையும் அது தன் வாழ்நாளில் கேட்டதில்லை.

ஆற்றங்கரையில் பரிசல்காரர் பேச்சிமுத்து துடுப்பை ஊன்றி நின்றார்.

"மடத்துக்கா, அண்ணாச்சி?"

"ஆமா. அங்க நாய உள்ள விடுவாகளா?"

பேச்சிமுத்து உச்சிமாகாளியை மேலும் கீழும் பார்த்தார்.

"உம்மையே விடுதாக."

*

மலைமேல் மடம். மடம் என்றால் நாலு ஓட்டுக் கூரை, ஒரு சுனை, ஒரு புளியமரம். அவ்வளவுதான்.

அங்கே இருந்தவர் வடிவம்மை. எல்லோருக்கும் அம்மா. உச்சிமாகாளியைவிட வயதில் சின்னவர். ஆனால் அவர் ஒரு பார்வை பார்த்தால், மீன் வியாபாரிகள் எத்தனையோ பேரை அடக்கிய உச்சிமாகாளியே குரலைத் தணித்துத்தான் பேசுவார்.

இருவரும் வந்து நின்றார்கள். ஆளும் நாயும்.

அம்மா ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போனார். ஒரு மண்கலயத்தில் கஞ்சி கொண்டுவந்து அவர்முன் தரையில் வைத்தார். திரும்பிப் போய்விட்டார்.

"பாத்தியாட்டீ!" உச்சிமாகாளிக்குக் கண் கலங்கிவிட்டது. "வாயில்லாச் சீவனுக்குத்தான் மொதல்ல வைக்காக. இதுதான் பெரிய மனசு!"

கலயத்தை நெத்திலியின் பக்கம் தள்ளினார். நெத்திலி நக்கி முடித்துவிட்டுக் கலயத்தின்மேல் தாடையை வைத்துத் தூங்கிப்போனது.

சமையல்கட்டு வாசலில் நின்றிருந்த சட்டநாதன் இதைப் பார்த்தார். மடத்தில் பழைய ஆள் அவர்தான். சமையலும் அவர்தான். கையில் கரண்டி.

வாயைத் திறந்தார்.

மூடிக்கொண்டார்.

அந்த மடத்தின் வழக்கம் அப்படி. காலையில் எல்லோரும் அம்மாவுக்கு முன்னால் உட்காருவார்கள். அம்மா யாராவது ஒருவரைப் பார்த்து ஒரு சொல் சொல்லுவார். சொல் கிடைத்தவர் அதை நாள் முழுக்க வாயில் மிட்டாய் மாதிரி அடக்கிக்கொள்ள வேண்டும். அம்மாவிடம் விளக்கம் கேட்கக் கூடாது. அடுத்தவர் யாரும் விளக்கவும் கூடாது. அவரவருக்குப் புரியவேண்டியது அவரவருக்கே புரியட்டும்.

எனவே சட்டநாதன் மூடிய வாய் மூடியபடியே இருந்தது. அது எத்தனை கஷ்டம் என்பது சட்டநாதனுக்கும் அவர் கரண்டிக்கும்தான் தெரியும்.

சிரிப்பு எங்கே என்கிறீர்களா? வேகிறது. மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் வேகாது.

*

மறுநாள் காலை. உச்சிமாகாளி முதல் வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முதுகு நேராக. கண் அகலமாக.

அம்மா அவர் பக்கம் பார்த்தார்.

"உட்கார்."

உச்சிமாகாளி திகைத்தார். அவர் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தார்!

அன்று முழுவதும் யோசித்தார். சாயங்காலம் மலையேறி வந்த பக்தர்களைப் பிடித்துக்கொண்டார்.

"ஒக்காந்திருக்கவன் கிட்டப் போயி ஒக்காருன்னு ஒருத்தர் சொல்லுவாகளா? சொன்னாக! அப்படின்னா என்ன அர்த்தம்? ஒடம்புதான்யா ஒக்காந்திருக்கு. உள்ள ஒருத்தன் நின்னுக்கிட்டே இருக்கான். செருப்ப மாட்டிக்கிட்டு! அவன ஒக்காரச் சொல்லுதாக!"

பக்தர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

காலையில் அவருக்குப் பின்னால் நெத்திலியும் உட்கார்ந்தது. அதை யார் கவனித்தார்கள்?

இன்னொரு நாள்.

"சத்தம் போடாதே."

உச்சிமாகாளி மூச்சுகூட விடவில்லை அப்போது.

"கேட்டியளா, சட்டநாதண்ணே! எம் மனசுக்குள்ள இன்னும் ஏலம் ஓடிக்கிட்டிருக்கு. வாளை ஒரு தரம், வாளை ரெண்டு தரம். அது அம்மா காதுல விழுந்துட்டு!"

"அப்படியா?" என்றார் சட்டநாதன். கீரையை நறுக்குவதில் மும்முரமாக இருந்தார். தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது.

மற்றொரு நாள் "இரு" என்றார் அம்மா. எல்லோரும் கஞ்சிக்கு எழுந்து போனார்கள். உச்சிமாகாளி அசையவில்லை. எறும்பு ஏறியது. இருந்தார். வெயில் ஏறியது. இருந்தார். பின்னால் நெத்திலியும் இருந்தது. அம்மாவே வந்து "வா" என்று சொன்ன பிறகுதான் இருவரும் எழுந்தார்கள்.

"மத்தவுகளுக்கெல்லாம் வாங்க, போங்க," என்று சட்டநாதனிடம் கிசுகிசுத்தார் உச்சிமாகாளி. "எனக்கு மட்டும் வா, இரு. பெத்த பிள்ளயக் கூப்பிடுத மாதிரி. ஒமக்குப் பொறாமையா இல்லயா?"

சட்டநாதன் கரண்டியைக் கடித்துக்கொண்டார்.

அப்புறம் அந்தச் சொல் வந்தது.

அன்று மழை பெய்து ஓய்ந்திருந்தது. அம்மா வெகுநேரம் அவர் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, வலிக்கிற இடத்தில் கை வைக்கிற மாதிரிச் சொன்னார்.

"சொறியாதே. ஆறிடும்."

உச்சிமாகாளி எழுந்து சுனைப்பக்கம் போய்விட்டார். அன்று பக்தர்களுக்கு விளக்கம் எதுவும் இல்லை.

நெத்திலி பின்னாலேயே போய்ப் பக்கத்தில் படுத்தது.

"அவ போனதத்தான் சொல்லுதாக," என்று நாயிடம் சொன்னார். "கடைசியா என்ன பேசினோம், ஏன் அன்னைக்கு ஏலத்துக்குப் போனேன்... தெனமும் அந்த இடத்தயே சொறிஞ்சு சொறிஞ்சு... ஒனக்கும் தெரியும்லா. நீயும் அன்னைக்கு வீட்லதான இருந்த."

அழுதார். சுனை தளும்ப அழுதார். அன்று படுத்தவர் விடிந்ததுகூடத் தெரியாமல் தூங்கினார். மனைவி போனபிறகு அப்படித் தூங்கியது அதுதான் முதல் தடவை.

*

இதன்பிறகுதான் கலயத்தின்மேல் ஆசை வந்தது.

அந்த மடத்தில் ஒருவரைச் சேர்த்துக்கொண்டதற்கு அடையாளம் ஒரு மண்கலயம். அம்மா கையால் கொடுப்பார். கலயம் உள்ளவர் கடைசிவரை அங்கேயே இருக்கலாம். இல்லாதவர் விருந்தாளி. இலையில்தான் சாப்பாடு.

உச்சிமாகாளி இலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கலயம் கொடுக்கும் நாளை மனத்துக்குள் பலமுறை நடத்திப் பார்த்துவிட்டார். நாகசுரம் உண்டு. சாம்பிராணி உண்டு. சட்டநாதனுடைய பொறாமை கண்டிப்பாக உண்டு.

நாள் போனது. இலைதான் வந்தது.

ஒருநாள் காலை தாங்கமுடியாமல் கேட்டேவிட்டார்.

"எனக்கு எப்பம்மா கலயம் குடுப்பிய?"

அம்மா ஆச்சரியமாகப் பார்த்தார். பிறகு விரலை நீட்டி அவருக்குப் பின்னால் காட்டினார்.

உச்சிமாகாளி திரும்பினார்.

நெத்திலி படுத்திருந்தது. தாடையைக் கலயத்தில் முட்டுக்கொடுத்து, ஒரு கண்ணை மட்டும் திறந்து அவரைப் பார்த்தது.

உச்சிமாகாளி எழுந்துவிட்டார்.

"புரிஞ்சுட்டும்மா," என்றார்.

பதிலுக்கு நிற்கவில்லை.

*

"எல்லாத்தயும் விட்டுட்டேன்னு நெனச்சேன்," என்று பரிசலில் புலம்பினார். "வீட்ட விட்டேன். தொழில விட்டேன். ஒண்ண மட்டும் கூடவே கூட்டிட்டு வந்துட்டேன். அதான் குறுக்க நிக்கி. அம்மா வெரல நீட்டிக் காட்டிட்டாக."

பேச்சிமுத்து துடுப்புப் போட்டார். நெத்திலி பரிசல் விளிம்பில் தாடையை வைத்துத் தண்ணீரைப் பார்த்தது. அதற்குப் பரிசல் சவாரி பிடிக்கும்.

"வாயத் தொறந்து சொன்னாகளா, நாய விட்டுட்டு வான்னு?"

"அவுக சொல்ல மாட்டாக. காட்டுவாக."

"எனக்கென்னவோ இது சரியாப் படல, அண்ணாச்சி."

"ஒமக்கு இதெல்லாம் வெளங்காது, வேய்."

அக்கரையில் பேச்சிமுத்துவின் குடிசைப் பக்கம் ஒரு மருதமரம். அதன் அடியில் நெத்திலியை நிறுத்தினார். எப்படியும் பின்னால் ஓடிவரும் என்று தெரியும். அதனால் கல் எடுத்து எறிகிற மாதிரிப் பாசாங்கு செய்யலாம் என்றுகூட யோசித்து வைத்திருந்தார்.

"இரு," என்றார்.

நெத்திலி இருந்தது.

அவர் பரிசலில் ஏறினார். அது அசையவில்லை. பரிசல் நகர்ந்தது. அது அசையவில்லை. காது மட்டும் அவர் பக்கம் நிமிர்ந்திருந்தது.

"என்னைக்காவது எம் பேச்சக் கேட்டிருக்கியாட்டீ நீ?" உச்சிமாகாளியின் குரல் உடைந்தது. "இன்னைக்கு மட்டும் ஏன் கேக்குத?"

ஆற்றுச் சத்தத்தில் அது நெத்திலிக்குக் கேட்கவில்லை.

*

மறுநாள் காலை. முதல் வரிசை. முதுகு நேராக.

அம்மா அவர் பக்கம் பார்த்தார். அவரைத் தாண்டி எங்கோ பார்த்தார். முகம் வாடியது. ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த நாளும் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்கு அடுத்த நாளும்.

"சொல்லெல்லாம் சின்னப் பாடம்," என்று பக்தர்களிடம் சொன்னார் உச்சிமாகாளி. "எனக்கு இப்ப நடக்கது பெரிய பாடம். மௌனம். என்னயும் தாண்டி அம்மா எங்கயோ பாக்காக. ஆகாசத்தப் பாக்காக!"

குரலில் பழைய சுருதி இல்லை. பக்தர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்ள மறந்துபோனார்கள்.

அவருக்குத் தூக்கம் போனது. கஞ்சி இறங்கவில்லை. நடக்கும்போது பின்னால் ஒரு சத்தம் குறைந்தது. நாலு காலின் நகச் சத்தம். அது குறையும்வரை அப்படி ஒரு சத்தம் இருந்தது என்றே அவருக்குத் தெரியாது.

அம்மா பார்த்த இடத்தை மட்டும் அவர் ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே ஒரு மண்கலயம் காலியாகக் கிடந்தது. சட்டநாதன் தினமும் அதைக் கழுவி, அதே இடத்தில் வைத்தார். வைக்கும்போது கொஞ்சம் சத்தமாகவே வைத்தார்.

ஒருநாள் பேச்சிமுத்து மூச்சிரைக்க மலையேறி வந்தார்.

"அண்ணாச்சி, அது நாயா, நட்ட கல்லா?"

"ஏன்? என்னாச்சு?"

"எந்திரிக்க மாட்டேங்குது. மழை பெஞ்சுது. குடிசைக்குள்ள வான்னேன், வரல. மீன் வச்சேன். வாய்க்கு எட்டுத தூரத்துல வச்சா திங்கி. ஒரு முழம் தள்ளி வச்சா நகர மாட்டேங்குது! நீரு என்னத்தச் சொல்லிட்டு வந்தீரு?"

"இருன்னு சொன்னேன்."

"எதுவரைக்கும்னு சொன்னீரா?"

உச்சிமாகாளி அதற்குள் பாதி மலை இறங்கியிருந்தார்.

*

மருதமரத்தடியில் நெத்திலி இருந்தது. விட்ட இடத்தில். விட்ட மாதிரி.

அவரைப் பார்த்தது. எழவில்லை. வால் மட்டும் ஈரமணலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பெருக்கியது. மணலில் விசிறி மாதிரி ஒரு தடம் விழுந்திருந்தது. தினமும் பெருக்கியிருக்கிறது போல. ஒவ்வொரு பரிசல் வரும்போதும்.

உச்சிமாகாளிக்கு ஏலக் குரல் வரவில்லை. சின்னக் குரல்தான் வந்தது.

"வா."

வந்தது! வயிறு தொங்க, காது பறக்க, குட்டி மாதிரி வந்தது. அவர் மணலில் மல்லாந்து விழுந்தார். முகம் முழுக்க நாக்கு.

"போதும்ட்டீ, போதும். எனக்குக் கலயமும் வேண்டாம், கிலயமும் வேண்டாம். அம்மா கிட்டச் சொல்லிட்டு வீட்டுக்குப் போவோம், வா."

*

காலை. எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். உச்சிமாகாளி நின்றார்.

"நான் தோத்துட்டேம்மா. இத என்னால விட முடியல. குட்டியில இருந்து இது எம் பின்னால நடந்துட்டு. இனி இது சாகுத மட்டும், இல்ல நான் சாகுத மட்டும், ரெண்டு பேரும் சேந்துதான் நடப்போம். கலயம் கெடைக்காதுன்னு தெரியும். உத்தரவு வாங்கிட்டுப் போக வந்தேன்."

அம்மா அவரைத் தாண்டிப் பார்த்தார். வாடிக்கிடந்த முகம் பொழுது விடிந்த மாதிரி மலர்ந்தது.

"வா," என்றார்.

உச்சிமாகாளிக்குப் புல்லரித்தது. ஓர் அடி முன்னால் வைத்தார்.

"வா, வா!"

இன்னோர் அடி வைத்தார்.

அம்மா தலையை இடப்பக்கம் சாய்த்தார். உச்சிமாகாளியும் சாய்த்தார். அம்மா வலப்பக்கம் சாய்த்தார். அவரும் சாய்த்தார்.

"ஐயா," என்றார் அம்மா.

இதுவரை இப்படிக் கூப்பிட்டதில்லை.

"அம்மா?"

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மறைக்கிறீங்க."

உச்சிமாகாளி தள்ளி நின்றார்.

அவர் நின்ற இடத்தைத் தாண்டி நெத்திலி ஓடியது. அம்மாவின் கையை நக்கியது.

"உட்கார்," என்றார் அம்மா.

நெத்திலி உட்கார்ந்தது.

உச்சிமாகாளி நாயைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். மறுபடியும் நாயைப் பார்த்தார். சட்டநாதன் கரண்டியால் முகத்தை மூடிக்கொண்டார். மறைக்கிற அளவுக்கு அது பெரிய கரண்டி இல்லை.

"அப்ப... அந்த 'சத்தம் போடாதே'?"

"அணிலைப் பார்த்து உறுமினா."

"இருன்னது?"

"கஞ்சி கொதிச்சுக்கிட்டு இருந்தது. வாயைச் சுட்டுக்குவாளேன்னு."

உச்சிமாகாளிக்கு அடுத்ததைக் கேட்கப் பயமாக இருந்தது. குரல் தணிந்தது.

"சொறியாதேன்னிய. ஆறிடும்னிய."

"காதுல புண்ணு," என்றார் அம்மா. நெத்திலியின் காதை மடித்துக் காட்டினார். "பாருங்க, ஆறிடுச்சு."

அவர் குனிந்து பார்த்தார். ஆறித்தான் இருந்தது.

"எனக்கும்," என்றார்.

புளியமரத்தில் ஓர் அணில் கத்தியது. நெத்திலி சத்தம் போடவில்லை.

"அப்ப எனக்குன்னு ஒண்ணுமே சொல்லலியாம்மா? கலயம் கேட்டேன், வெரல நீட்டுனீய. அதுவாவது எனக்குத்தான?"

"அது உங்களுக்குத்தான்."

"நாய விடச் சொல்லித்தான?"

நெத்திலி எழுந்து அதன் பழைய இடத்துக்குப் போனது. ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்தது. தாடையை வைத்துக்கொண்டது. பெருமூச்சு விட்டது.

அம்மா விரலை நீட்டினார். அதே விரல். அதே பக்கம்.

உச்சிமாகாளி பார்த்தார்.

"நெத்திலி," என்றார்.

விரல் இறங்கவில்லை.

"நெத்திலிதானம்மா இருக்கு?"

விரல் இறங்கவில்லை.

சட்டநாதனால் முடியவில்லை. மடத்து வழக்கத்தை முதன்முறையாக மீறினார்.

"இன்னும் ஒரு சாண் கீழ பாரும், வேய்!"

ஒரு சாண் கீழே நெத்திலியின் தாடை. தாடைக்குக் கீழே ஒரு மண்கலயம். சட்டநாதனின் கலயம் மாதிரியே. எல்லோருடைய கலயம் மாதிரியே. வந்து நின்ற அன்றைக்கு அம்மா தன் கையால் அவர் முன்னால் வைத்த கலயம்.

உச்சிமாகாளியின் வாய் திறந்தது. முதலில் சத்தம் வரவில்லை. தோள் குலுங்கியது. வயிறு குலுங்கியது. அப்புறம் வந்தது பாருங்கள் ஒரு சிரிப்பு, அந்தக் குரலில்!

நெத்திலி எழுந்து குரைத்தது. அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். கீழே, ஆற்று நடுவில், பேச்சிமுத்து துடுப்பை நிறுத்திவிட்டு மலையை அண்ணாந்து பார்த்தார்.